பதினோராம் மாடியில் ஒரு திமிங்கில ஈட்டி

என் பக்கத்து வீட்டுக்காரர் டொமினோ விளையாடுவார். விளையாடுவார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு காயையும் மேசையில் அறைவார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அவர் பிறந்த கரீபியன் தீவுக்காரர் மூன்று பேர் வருவார்கள். நான்கு பேருமாகச் சேர்ந்து அறைவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் எண்ணுவேன். ஒரு பின்னேரத்தில் ஆகக்கூடியது இருநூற்றுப் பதினேழு. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் சங்கிலி போட்டு அளந்தவன். இந்தப் பனி நாட்டில், டோர்செட் பார்க் பகுதியில், இந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. எலிவேற்றர் நிலத்திலிருந்து பதினோராம் மாடிக்கு வர முப்பத்தெட்டு விநாடி எடுக்கும், இடையில் ஒருவரும் ஏறாவிட்டால். எங்கள் கதவிலிருந்து குப்பை போடும் துவாரத்துக்கு இருபத்தாறு அடி. எண்ணுவது ஒரு வியாதி என்று மனைவி சொல்கிறாள். எண்ணாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நான் சொல்கிறேன். நாற்பத்தொன்பது வருடமாக இரண்டு பேரும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன மாரியில் ஒரு மத்தியானம், பாணும் பாலும் வாங்கிக்கொண்டு எலிவேற்றரில் ஏறினேன். கதவு மூடப் போகும் நேரம் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். எண்பத்தொரு வயது, என்னைவிட அரை அடி உயரம். நுனியில் குளியல் துவாய் சுற்றிய நீளமான சாமான் ஒன்றை, நுனி கீழே பார்க்கத் தோளில் சாத்திப் பிடித்திருந்தார். மூன்றாம் மாடி தாண்டும்போது துவாய் வழுகியது. உள்ளே இருந்தது இரும்பு. நுனியில் ஒரு கூர், அதில் திரும்பி மடங்குகிற ஒரு கொக்கி. எங்கள் கடலில் திருக்கை குத்துகிற மண்டாவுக்கு அது பெரியண்ணன். முனை என் இடது சப்பாத்திலிருந்து நான்கு அங்குலத்தில் நின்றது.

“சொறி, நேபர்,” என்றார். அவர் எல்லோரையும் ‘நேபர்’ என்றுதான் கூப்பிடுவார்.

நான் காலை இழுத்துக்கொண்டேன். பதினோராம் மாடியில் இறங்கி, பாலைக் குளிர்பெட்டியில் வைக்காமல் மேசைக்குப் போய், கட்டட அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நாற்பத்திரண்டு வரிகள்.

ஏன் எழுதினேன் என்று இப்போது என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புத் துண்டு கிடந்தது. பழைய உழவு இயந்திரத்தின் அச்சு. அது ஆயுதம் என்று யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். ஆமிக்காரர் வந்தார்கள். நாற்பத்தொரு பேர் ஒன்பது மணித்தியாலம் வெயிலில் முழங்காலில் நின்றோம். நாற்பது பேர் எழும்பினோம். எழும்பாதவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கோழி வளர்த்தவர். அன்றிலிருந்து கூரான இரும்பு எதையாவது கண்டால் எனக்கு முழங்கால்தான் முதலில் நோகும். இது காரணம். நியாயம் என்று நான் சொல்லவில்லை.

மனைவி கடிதத்தைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்த மனுசன் உங்களுக்கு என்ன செய்தவர்? டொமினோ அடிக்கிறதுக்குப் பழி வாங்குறியளோ?”

“இது பாதுகாப்பு விசயம்.”

“ஓம் ஓம். நாப்பத்திரண்டு வரிப் பாதுகாப்பு. பால் வெளியில கிடக்குது.”

எட்டாம் நாள் அவருடைய கதவில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஆயுதத்தைப் பதினான்கு நாட்களுக்குள் கட்டடத்தை விட்டு அகற்ற வேண்டும், அகற்றாவிட்டால் வீட்டையே விட வேண்டி வரும் என்று அதில் இருந்தது. வாசித்துவிட்டு எனக்குத் திருப்திதான் வந்தது, அதை மறைக்கவில்லை. அந்தத் திருப்தி சரியாக இரண்டு மணித்தியாலம் நீடித்தது. பிறகு எங்கள் கதவில் தட்டு விழுந்தது. அவர்தான். கையில் மஞ்சள் தாள்.

அவர் பேசியது அவருடைய தீவின் ஆங்கிலம். அதில் பாதி எனக்கு விளங்காது. விளங்கியதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

“நேபர், நீங்கள்தான் இந்த மாடியில எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள். எப்ப பாத்தாலும் கொப்பியும் கையுமா நிக்கிறியள். உதுக்கு ஒரு பதில் எழுதித் தாறியளோ?”

உள்ளே மனைவி இருமினாள். அது தடிமன் இருமல் இல்லை.

நான் போனேன். வேறு என்ன செய்ய? ஈட்டி சோபாவுக்கு மேலே இரண்டு ஆணியில் கிடந்தது. ஆறு அடி மரப் பிடி, அதில் செருகிய இரும்பு இரண்டரை அடி. மல்வேர்ன் பகுதியில் அவருடைய மகளின் கராஜில் இருபது வருடம் கிடந்ததாம். மகள் வீட்டை விற்றுவிட்டு அல்பேர்ட்டாவுக்குப் போகிறாள். இனி அதற்கு இந்தச் சுவரை விட்டால் உலகத்தில் வேறு இடம் இல்லை.

மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் போனேன். பதில் எழுதுவதற்கு விவரம் வேண்டும் அல்லவா? அவர் பெக்வே தீவில் பிறந்தவர். கரீபியன் கடலில் இருக்கிறது, எங்கள் நெடுந்தீவில் பாதிகூட வராது. அங்கே கூனல்முதுகுத் திமிங்கிலத்தைக் கையால் எறிகிற ஈட்டியால்தான் பிடிப்பார்கள். முப்பத்தொரு வருடம் அவர் ஈட்டிக்காரராக இருந்தார்.

ஈட்டிக்காரர் என்றால் படகின் மூக்கில் நெஞ்சை நிமிர்த்தி, கடலைப் பார்த்தபடி நிற்பவர் என்று நான் நினைத்திருந்தேன். பிழை. படகில் ஆறு பேர். ஈட்டிக்காரர் அணியத்தில், அதாவது முன் நுனியில், இருக்கிறார். ஆனால் மற்ற நான்கு பேரைப் போல அவரும் துடுப்பு வலிக்க வேண்டும். துடுப்பு வலிக்கிறவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பான். ஆகவே திமிங்கிலத்துக்கு ஆகக் கிட்ட இருக்கிறவருக்குத் திமிங்கிலம் தெரியாது. பின்னால் சுக்கான் பிடித்து நிற்கிற கப்டனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ‘எழும்பு’ என்று சொல்லும்வரை ஈட்டிக்காரர் திரும்பக் கூடாது. சொன்னதும் துடுப்பை உள்ளே இழுத்து, எழும்பி, பலகையில் வெட்டியிருக்கிற பள்ளத்தில் இடது தொடையைக் கொடுத்து, திரும்பி, எறிய வேண்டும். பட்டால், ஈட்டியில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுக்காமல் ஓட விட வேண்டும்.

“ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“ஒருக்காப் பாத்தனான். பத்தொன்பது வயசு. என்ர துடுப்பு மற்றவன்ர துடுப்பில அடிபட்டுது. அந்தச் சத்தத்துக்குத் திமிங்கிலம் தண்ணிக்குள்ள தாண்டு போட்டுது. கப்டன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அடுத்த ரெண்டு சீசனும் என்னை நாலாவது துடுப்பில இருத்தினார்.”

“எழும்பினால் எறியிறதுக்கு எத்தினை விநாடி இருக்கும்?”

“எண்ணினால் பிந்திப் போகும், நேபர்.”

எனக்குச் சுர்ரென்றது. முப்பத்தொரு வருடம் ஒரு வேலையைச் செய்த மனிதர் அதை அளந்தே பார்த்ததில்லையாம். எத்தனை தடவை எறிந்தீர்கள் என்று கேட்டேன். பதினொன்று. பட்டது எத்தனை? ஏழு. “அறுபத்து நாலு வீதம்,” என்றேன்.

“கரையில நிண்டு கணக்குப் பாக்கிறவை எங்கட ஊரிலயும் இருந்தவை,” என்றார். “இறைச்சி பிரிக்கேக்க அவைக்குத்தான் ஆகக் கடைசிப் பங்கு.”

சொல்லிவிட்டு எனக்கு ஒரு கோப்பை மீன் சூப் ஊற்றித் தந்தார். நல்ல சூப். அதற்கும் கோபம் வந்தது.

இந்த இரும்பை ஏன் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வேறு கதைக்குப் போய்விட்டார். நான் எழுதிய பதிலுக்கு அலுவலகம் எங்களை நேரில் வரச் சொல்லியிருந்தது; அங்கே இதைத்தான் கேட்பார்கள் என்றேன்.

“நான் முந்திக்கொண்டு கதைச்சால் பிழைச்சுப் போகும், நேபர். எனக்குக் கந்தோர்க் கதை தெரியாது. நீங்கள் சுக்கான் பிடியுங்கோ. கந்தோர்க்காரன்ர முகத்தைப் பாருங்கோ. நீங்கள் ‘எழும்பு’ எண்டால் நான் எழும்பிச் சொல்லுறன். என்னட்ட நாலு வசனம் இருக்கு.”

“என்ன நாலு வசனம்?”

“எழும்பேக்க வரும்.”

வீட்டுக்கு வந்தேன். மனைவி கேட்டாள்: “அந்தாளிட்டச் சொன்னியளோ?”

“சந்தர்ப்பம் வரேல்லை.”

“மூண்டு நாளாப் பக்கத்தில இருந்து சூப் குடிச்சனீங்கள். சந்தர்ப்பம் வரேல்லையாம்.”

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, கீழே அலுவலகத்தில், முப்பது நிமிடம் தந்திருந்தார்கள். முகாமையாளர் தமிழ்நாட்டுப் பிள்ளை, முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையானவர். மரியாதையாகவே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர். நான் அவருக்கு எதிரே இருந்தேன். ஈட்டிக்காரர் என் பக்கத்துக் கதிரையில், கைகளை முழங்காலில் வைத்து, நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

முகாமையாளர் கோப்பைத் திறந்தார். “முதலில் முறைப்பாட்டை வாசிக்கிறேன். பெயர் சொல்ல மாட்டோம்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என்னுடைய நாற்பத்திரண்டு வரிகளையும் வாசிக்கத் தொடங்கினார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் வாசித்தார். பதினேழாம் வரியில் வந்தது: நிலத்திலிருந்து பதினோராம் மாடி வரை எலிவேற்றருக்கு முப்பத்தெட்டு விநாடி. பதினெட்டாம் வரி: முனை என் இடது சப்பாத்திலிருந்து நான்கு அங்குலம்.

ஈட்டிக்காரர் தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் திருப்பி என்னுடைய இடது சப்பாத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். வெட்கம் வந்தால் சிலர் அடங்கிப் போவார்கள். எனக்கு வாய் நீளும். இந்தக் கட்டடத்தில் நூற்று அறுபத்தெட்டு வீடுகள், வீட்டுக்கு மூன்று சமையல் கத்தி என்றால் ஐந்நூற்று நான்கு ஆயுதங்கள், அவற்றுக்கு மஞ்சள் தாள் எங்கே என்று கேட்டேன். ஏழாம் மாடியில் ஒருவர் பல்கனியில் கோடரி வைத்திருக்கிறார் என்றேன். படிக்கட்டு விளக்குகளில் ஒன்பது எரிவதில்லை என்றேன். அதற்கும் ஈட்டிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை.

முகாமையாளர் தமிழுக்கு மாறினார். “சார், டென்ஷன் ஆகாதீங்க. எனக்கு நிஜமாவே புரியல. கம்ப்ளெயின்ட் குடுத்ததும் நீங்கதான், வக்கீலா வந்திருக்கிறதும் நீங்கதானா?”

“தமிழில கதையாதையும். அந்தாளுக்கு விளங்காது.”

“விளங்கக் கூடாதுன்னுதான் சார் தமிழ்ல சொல்றேன்.”

இன்னும் கத்தினேன். முப்பது நிமிடத்தில் இருபத்தாறு நிமிடம் என் குரல்தான். அந்த இருபத்தாறு நிமிடத்தில் ஒரு தடவையாவது நான் முகாமையாளரின் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருவர் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார் என்பதும் நினைவில் இல்லை. பதினொரு மணிக்கு முகாமையாளர் கோப்பை மூடினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் சாமான் வெளியே போக வேண்டும்.

எலிவேற்றரில் நாங்கள் இரண்டு பேரும்தான். ஏழாம் மாடி வரை அவர் இலக்கங்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள் ‘எழும்பு’ எண்டு சொல்லவேயில்லை,” என்றார்.

“அந்தக் கடிதம்...” என்று தொடங்கினேன்.

“முப்பத்தெட்டு. இந்தக் கட்டடத்தில வேற ஆர் எண்ணுறது?”

“தெரிஞ்சாப் பிறகும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? எழும்பிச் சொல்லியிருக்கலாமே!”

“நடுக்கடலில கப்டனை மாத்திறதில்லை.” கதவு திறந்தது. இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். “கரைக்கு வந்தாப் பிறகு மாத்துவினம்.”

வீட்டில் முகாமையாளரைத் திட்டினேன். கட்டடத்தைத் திட்டினேன். ஈட்டிக்காரரையும் திட்டினேன்: வாயிருந்தும் திறக்காத மனிதர், ஒரு பழைய படகுச் சட்டத்துக்காகத் தன் சாமானையே பறிகொடுக்கிறவர். மனைவி வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒழுங்கையில ஆமிக்குச் சொல்லிக் குடுத்தவனை நீங்கள் திட்டாத வருசம் இல்லை,” என்றாள். “முப்பத்தாறு வருசம். அவன் அம்பிட்டால் என்ன கேப்பன் எண்டு எனக்கே பாடமாக்கித் தந்தனீங்கள். இப்ப போய்க் கண்ணாடியில கேளுங்கோவன்.”

நான் அன்று பின்னேரம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் திறந்தார். அந்த மூன்று அங்குல இடைவெளியில் நின்று ஒழுங்கையைச் சொன்னேன்: அச்சு, ஒன்பது மணித்தியாலம், நாற்பத்தொன்று, நாற்பது. எழும்பாதவர் யார் என்றார். எங்கள் நேபர் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். பிறகு சங்கிலியைக் கழற்றினார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

முகாமையாளரிடம் முன்கூட்டி நேரம் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

“சார், டிசிஷன் எடுத்தாச்சு.”

“தெரியும். நான் ஒரு கடிதம் கொண்டு வந்தனான். ஏழு வரி.” ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தேன், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று. முறைப்பாடு செய்தவன் நான். பயத்தில் செய்தேன். விசாரிக்காமல் செய்தேன். திரும்பப் பெறுகிறேன். கீழே முழுப் பெயர், கையெழுத்து, வீட்டு இலக்கம்.

“சார், கம்ப்ளெயின்ட் பண்ணவரே வாபஸ் வாங்கினாலும், ஃபைல் ஓபன் ஆயிடுச்சு. நான் என்ன பண்றது?” கண் இன்னும் கைபேசியில்தான்.

என் வாய் நிறைய வசனங்கள் இருந்தன. படிக்கட்டு விளக்குகள் ஒன்பதும் இருந்தன. ஒன்றையும் விடவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் ஈட்டிக்காரர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது முகாமையாளருக்குப் புதிது. கட்டைவிரல் நின்றது. கைபேசியைக் குப்புற வைத்துவிட்டு, முதல் தடவையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“எழும்புங்கோ,” என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

எண்பத்தொரு வயது மனிதர் அவ்வளவு வேகமாக எழும்பியதை நான் கண்டதில்லை. இடது தொடை மேசை விளிம்பில் போய்ப் பொருந்தியது. நான்கு வசனங்கள்தான் சொன்னார்.

“நான் எறிஞ்ச பதினொண்டில ஆகக் கடைசி இரும்பு இது. அண்டைக்கு இது பட்டு, கயிறு ஓடேக்க, என்ர தம்பியின்ர காலில சுத்தி அவனைக் கொண்டு போட்டுது. பின்னேரம் திமிங்கிலம் கரைக்கு வந்தது, இரும்பும் வந்தது, அவன் வரேல்லை. பூ வைக்க எனக்கு வேற இடம் இல்லை.”

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

பன்னிரண்டு விநாடி. நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. பிறகு முகாமையாளர் எழுந்து, மேலதிகாரி யாருக்கோ தொலைபேசி எடுக்க உள் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. சாமான் சுவரில் இருக்கலாம். ஆனால் கூர் மூடப்பட்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. எதனால் மூடுவது என்று கேட்டேன். சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

“டென்னிஸ் பால் போட்டா போதும்னு சொல்றாங்க சார்.”

இந்த ஊரில் கிழவர்கள் பிடித்து நடக்கிற வண்டியின் கால்களில் குத்தி வைத்திருப்பார்களே, அந்தப் பந்து. ஒரு தம்பிக்குக் கல்லறையாக நிற்கிற இரும்பின் தலையில் அதைக் குத்து என்கிறார்கள். வாயைத் திறந்தேன். ஈட்டிக்காரர் என் கையைப் பிடித்தார்.

“பட்டிட்டுது, கப்டன். இனிக் கயிறை விடுங்கோ.”

பந்தை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு குழாயில் மூன்று பந்து. மற்ற இரண்டையும் எங்கள் அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன், ஒன்று தேய்ந்தால் மாற்றலாம். சோபாவுக்கு மேலே இப்போது அந்த மஞ்சள் உருண்டைதான் முதலில் கண்ணில் படுகிறது. அதற்குக் கீழே ஒரு போத்தலில் பூ. அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் பந்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவரும் சிரித்தாராம். நான் சிரிக்கவில்லை. போன ஞாயிறு நூற்றெண்பத்து நான்கு தடவை அறைந்தார்கள். சுவரில் தட்டினேன். பதிலுக்கு அவரும் தட்டினார்.

என் நாற்பத்திரண்டு வரிகள் இன்னும் அந்தக் கோப்பில் கிடக்கின்றன. ஏழு வரிக் கடிதத்தை அதற்கு மேலே குத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைத் திருப்பித் தாருங்கள், கிழித்துப் போட வேண்டும் என்று முகாமையாளரிடம் கேட்டேன். கோப்புக்குள் போனது வெளியே வராதாம். இதுவரை ஐந்து தடவை கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை ஆறாவது.